சமையலறை அலமாரிகளுக்கு இரண்டு முறை வண்ணம் பூசிய அனுபவம்

சமையலறை அலமாரிகளுக்கு மீண்டும் வண்ணம் பூசப் போகிறேன் என்று சொன்னவுடன் என்னைச் சுற்றியிருந்த அனைவரும் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். வெளிர் நிறம் அறையைப் பெரிதாகக் காட்டும், அடர் நிறத்தில் கறை தெரியாது, முழுப் பளபளப்பைவிட மிதமான பளபளப்பே கண்ணுக்கு இதம் என்று ஆலோசனைகள் வந்து குவிந்தன. பூசிய வண்ணம் கதவில் ஒட்டி நிற்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்குள் ஓர் ஆண்டில் பெரும்பகுதி போய்விட்டது. புதிய கதவுகளையே செய்து மாட்டியிருக்கக்கூடிய தொகையில் ஏறத்தாழப் பாதியும் கரைந்துவிட்டது. விவரம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் நேர்ந்திருக்காது என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

என் அலமாரிகள் உறுதியாகவே இருந்தன. மேல்வரிசைக் கதவுகள் வார்னிஷ் பூசிய மரம். கீழ்வரிசை இழுப்பறைகளின் முகப்பு லேமினேட் ஒட்டிய பலகை. சிங்க்கின் அடியில் மட்டும், மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைக் கதவு. கீல்கள் நன்றாக வேலை செய்தன, பலகைகள் வளையவில்லை. நிறம்தான் மங்கிப் போயிருந்தது. அதனால் பெயிண்டர் ஒருவரை அமர்த்தினேன். கதவுகளைக் கழற்ற வேண்டாமா என்று கேட்டபோது, "அதெல்லாம் தேவையில்லை, இந்தப் பெயிண்ட் எதிலும் ஒட்டிக்கொள்ளும்" என்றார். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, கதவுகள் தொங்கியபடியே இருக்க, பிரஷ்ஷால் பூசி முடித்தார். வேலை முடிந்த அன்று சமையலறை மிக அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முழுத் தொகையையும் மகிழ்ச்சியோடு கொடுத்தனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த இழுப்பறையில், கைப்பிடிக்குச் சற்று மேலே, நகம் படும் இடத்தில் ஒரு சிறு பிளவு தெரிந்தது. விரல்நுனியால் அதைத் தொட்டேன். ஓரம் மெல்லத் தூக்கிக்கொண்டது. இழுத்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தோலாக உரிந்து கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் வழவழப்பாகவும் மஞ்சள் படிந்தும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. கீழே பழைய லேமினேட் முன்பிருந்த அதே பளபளப்போடு, எண்ணெய்ப் பிசுக்கின் மெல்லிய படலத்தோடு, யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல் இருந்தது. அப்போது எனக்குக் கோபத்தைவிட வயிற்றைப் பிசையும் ஏமாற்றமே அதிகமாக இருந்தது. பெயிண்டருக்குத் தொலைபேசியில் பேசினேன். வருவதாகச் சொன்னார், வரவில்லை, பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அடுத்த சில மாதங்களில் கைப்பிடிகளைச் சுற்றியும் அடுப்பின் மேலேயும் சிங்க்கின் ஓரங்களிலும் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றது. பாத்திரத்திலோ உணவிலோ ஒரு செதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வேளையும் சமைத்தேன்.

இங்கே சற்று நின்று, ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சமைக்கும்போது எழும் எண்ணெய் ஆவி கதவுகளில் படிந்து, வெப்பமும் காற்றும் பட்டுப் பட்டு நாளடைவில் இறுகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகவே மாறிவிடுகிறது. ஈரத்துணிக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. அதன்மேல் பூசப்படும் வண்ணம் பலகையைத் தொடுவதே இல்லை, பிசுக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது காரணம் பளபளப்பு. லேமினேட்டும் பழைய வார்னிஷும் வழவழப்பானவை. வண்ணம் பற்றிக்கொள்ள அவற்றில் சொரசொரப்பு வேண்டும், அல்லது அவற்றைப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ள பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு, வேண்டும். என் கதவுகளுக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

ஆகவே வேலைக்கு ஆள் வைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டே தீர வேண்டும். பிசுக்கை எதைக் கொண்டு எடுப்பார், எந்த எண் உப்புத்தாளால் தேய்ப்பார், என்ன வகைப் பிரைமர், எத்தனை கோட்டு (பூச்சு அடுக்கு), ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, கதவுகளைக் கழற்றிப் பூசுவாரா என்று கேட்டு, பதில்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இக்கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். மாறாக, உங்களுக்கு விஷயம் தெரிகிறது என்று தெளிவாகவே பேசுவார். கூலியில் ஒரு பகுதியை ஒரு மாதம் கழித்துத் தருவதாக முன்பே ஒப்பந்தம் செய்துகொள்வதும் நல்லது. பூச்சு ஒட்டியிருக்கிறதா என்பது முதல் நாளில் தெரியாது. கை பட்டு, ஆவி பட்டு, துடைத்துப் பழகிய பிறகுதான் தெரியும்.

இரண்டாவது முறை வேறொருவரை நம்ப மனம் வரவில்லை. அலுவலக நேரம் போக மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். தோற்றுப்போன பழைய பூச்சை அகற்றுவதுதான் முழு வேலையிலும் கொடுமையான பகுதி. லேமினேட்டிலிருந்து அது சுலபமாக உரிந்தது. வார்னிஷ் பூசிய மரத்தில் ஓரிடத்தில் உரிந்தது, அடுத்த இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் இருப்பதன்மேல் எதைப் பூசினாலும் அதுவும் சேர்ந்தே கழன்றுவிடும் என்பதால், சுரண்டியால் சுரண்டி, எஞ்சியதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. தோள்வலியோடு நள்ளிரவு வரை உட்கார்ந்து சுரண்டிய இரவுகளில், இதற்குப் பதிலாகக் கதவுகளைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்று தோன்றியதுண்டு. பெயிண்டை இளக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்த அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-ல் அத்தகைய இளக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது தடை செய்யப்பட்டது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வீடும் அலமாரியும் பழையவை என்றால், அடியிலிருக்கும் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-லேயே தடை செய்தது. இன்று பல நாடுகள் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற உச்சவரம்பை வைத்திருக்கின்றன. ஆனால் அதற்கு முன் பூசிய அடுக்குகள் கதவில் அப்படியேதான் இருக்கும். உலர்ந்த நிலையில் அதைத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சில்லைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உப்புத்தாளை எடுங்கள். ஈயம் இல்லாத இடத்திலும் என்95 போன்ற முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். சாதாரணத் துணிக் கவசம் அந்த நுண்தூசிக்குப் போதாது.

கதவுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். பார்ப்பதற்கு ஒரே அளவாகத் தெரியும் இரண்டு கதவுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாகப் பொருந்துவதில்லை. கீல்களின் திருகுகள் ஆண்டுக்கணக்கில் அந்தந்த இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கும். எண்ணை எங்கே எழுதுவது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் எழுதிய இடத்தையெல்லாம் வண்ணம் மூடிவிடும். மறைகீல் பொருந்தும் வட்டக் குழி, வழக்கமாக 35 மில்லிமீட்டர் விட்டமுடையது, அதற்குச் சரியான இடம்: அதற்குள் எழுதி, மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கடைசிவரை பத்திரமாக இருக்கும். அந்தந்தக் கதவின் கீலையும் திருகுகளையும் அதே எண்ணிட்ட பையில் போட்டு வைத்தேன். கைப்பிடிகளை மாற்றுவதாக இருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். இரு துளைகளுக்கு இடையிலான தூரம் 96, 128, 160 மில்லிமீட்டர் என்று மாறும்; புதியது பழைய துளைகளில் பொருந்தாவிட்டால், வண்ணம் பூசும் முன்பே பட்டி வைத்து அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.

அடுத்தது பிசுக்கு எடுப்பது. முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பிசுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் அந்த எண்ணெயை மரத்தின் துளைகளுக்குள் இன்னும் ஆழமாக அழுத்திவிடும். பிறகு அதை வெளியே எடுப்பது அரிது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து தொடங்கினேன். அடுப்புக்கு அருகிலிருந்த கதவுகளுக்கு அது போதவில்லை. சலவைச் சோடா கரைசலால் துடைத்த பிறகே துணி மஞ்சளாக வருவது நின்றது. இக்கரைசலைக் கையுறை அணிந்தே கையாள வேண்டும், அதன் எச்சம் பலகையில் தங்கக் கூடாது, ஆகவே தெளிந்த நீரால் மீண்டும் துடைக்க வேண்டும், எம்.டி.எஃப் பலகையை மட்டும் நனைக்காமல், நன்கு பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று அறிய, கதவின்மேல் சிறிது நீரைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் பிசுக்கோ மெழுகோ இருக்கிறது. மரச்சாமான் பாலிஷ் போட்டுத் துடைத்த வழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதிலுள்ள சிலிக்கோன் காரணமாகப் புது வண்ணம் சிறு சிறு குழிகளாக விலகி நிற்கும்.

தேய்ப்பதன் நோக்கம் பளபளப்பைக் கொல்வது மட்டுமே, மரத்தைக் குடைவதல்ல. 150 எண் உப்புத்தாளில் தொடங்கி 220-ல் முடித்தேன். எண் கூடக் கூடத் தாள் நுண்மையானது. லேமினேட்டை அழுத்தித் தேய்க்காமல், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு எங்கும் தெரியாத அளவுக்கு ஒரே சீராக மங்கவைத்தால் போதும். மூலைகளிலும் பள்ளங்களிலும் மினுமினுப்பு ஒளிந்துகொள்ளும். பின்னாளில் உரியத் தொடங்குவது அங்கிருந்துதான். முடித்த பிறகு தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரப்பதமான துணியால் துடைத்துவிடுங்கள்.

பிரைமரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அந்த அளவுக்கு அது முக்கியமானது, அந்த அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரக்கை ஆல்கஹாலில் கரைத்துச் செய்யும் ஷெல்லாக் பிரைமர் வழவழப்பான பரப்பையும் பற்றிக்கொள்ளும், மரத்திலிருந்து கசியும் நிறத்தையும் தடுக்கும், ஒரு மணி நேரத்துக்குள் உலர்ந்தும் விடும். நீரில் கரையும் பிரைமர்களிலும் லேமினேட்டுக்கென்றே தயாரிக்கப்பட்டவை உண்டு. வாசனை குறைவு, பூசுவதும் எளிது. நான் முதலில் ஒரே ஒரு மரக்கதவில் நீர்வகையைப் பூசிச் சோதித்தேன். மறுநாள் காலையில் வெள்ளைப் பரப்பில் தேநீர்க் கறை போன்ற பழுப்புத் திட்டுகள் எழுந்திருந்தன. மரத்திலுள்ள டானின் என்ற பொருளை நீர் கரைத்து மேலே கொண்டுவருவதால் இப்படி ஆகிறது. ஓக் போன்ற மரங்களில் இது மிகுதி. அதன்மேல் எத்தனை கோட்டு வண்ணம் அடித்தாலும் கறை மீண்டும் மீண்டும் எட்டிப் பார்க்கும். ஆகவே மரக்கதவுகள் அனைத்துக்கும் ஷெல்லாக் வகையைப் பயன்படுத்தினேன். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சமையலறையில் பூசும்போது அடுப்பு முழுவதும் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். எண்ணெய் வகைப் பூச்சைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடுவதும் ஆபத்தானது. அவை உள்ளுக்குள்ளே சூடேறித் தாமாகவே பற்றிக்கொள்ளக்கூடியவை. விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லாக் கதவுகளிலும் கைவைக்கும் முன் ஒரு கதவின் பின்புறத்தில் சிறு பகுதியை முழு முறைப்படி செய்து, ஒரு வாரமாவது விட்டுச் சோதித்துவிடுங்கள். கூரிய கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கீறல்கள் போட்டு, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் தொழிற்சாலைகளிலும் ஐ.எஸ்.ஓ 2409 என்ற தரநிலையின்படி ஏறத்தாழ இப்படித்தான் சோதிக்கிறார்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் ஏதோ ஒரு படி சரியில்லை என்று பொருள். இந்தச் சோதனை எனக்கு முதல் முறையே தெரிந்திருந்தால், பெயிண்டர் கேட்ட தொகையைக் கொடுப்பதற்கு முன்பே உண்மை தெரிந்திருக்கும்.

வண்ணம் பூசுவது, இவ்வளவுக்கும் பிறகு, இளைப்பாறுவதாகவே இருந்தது. சுவருக்குப் பூசும் எமல்ஷன் அலமாரிக்கு ஆகாது. அது உலர்ந்த பின்னும் மென்மையாகவே இருக்கும், மூடிய கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது உரியும். எண்ணெய் வகை எனாமல் கடினமானது, ஆனால் வெள்ளை நிறம் வெளிச்சம் படாத இடங்களில் நாளடைவில் மஞ்சளாகும். நீரில் கரையும் எனாமலையே தேர்ந்தெடுத்தேன். சட்டமும் பள்ளமும் உள்ள கதவில் முதலில் பள்ளங்களைப் பிரஷ்ஷால் பூசி, பிறகு சட்டங்களை நுண்ணிய ஸ்பாஞ்சு ரோலரால் உருட்டினால் தடம் தெரியாது. மூலைகளில் பெயிண்ட் தேங்கி வழியும். சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து அதைப் பிரஷ்ஷின் நுனியால் எடுத்துவிட வேண்டும். கனமாக ஒரே கோட்டு அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மெல்லிய இரண்டு கோட்டுகள், இடையில் 320 எண் தாளால் லேசான ஒரு தேய்ப்பு, அதுவே சரியான முறை. மழைநாளில் ஒரு தொகுதியைப் பூசியபோது காய வேண்டிய நேரத்தைப்போல் இருமடங்கு ஆயிற்று. டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் மிதமான வெப்பத்துக்கும் உலர்ந்த காற்றுக்கும் கணக்கிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பூசி முடித்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் மிகவும் பொறுமை வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்வது சில மணி நேரத்தில் நடந்துவிடும். உள்ளே இறுகி முழு வலிமை பெற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வீடு முழுக்கக் கதவுகள் படுத்துக் கிடக்க, பாத்திரங்கள் எல்லாம் திறந்த அலமாரியில் தூசி படிய, வீட்டிலுள்ளவர்கள் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, அந்தக் காத்திருப்பு என் மனநிலையை மிகவும் வாட்டியது. முடிந்தவரை ஒரு வாரம் தள்ளியே கதவுகளை மாட்டினேன். சட்டத்தைத் தொடும் இடங்களில் சிறு சிலிக்கோன் பொட்டுகளை ஒட்டினேன். முதல் மாதம் முழுவதும் சோப்பு போட்டுத் துடைக்கவில்லை, மென்துணியால் மட்டும் ஒற்றி எடுத்தேன். வேலையைத் திட்டமிடும்போது இந்த வாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வரும் தேதிக்குச் சற்று முன்பாகத் தொடங்குவது வீண் மன உளைச்சல்.

எல்லாக் கதவுக்கும் வண்ணம் தீர்வாகாது என்பதையும் சொல்ல வேண்டும். பி.வி.சி படலம் ஒட்டிய கதவில் படலம் பலகையிலிருந்து விலகத் தொடங்கியிருந்தால், மேலே பூசும் வண்ணம் அந்தப் படலத்தோடு சேர்ந்தே வந்துவிடும். படலத்தை முழுவதும் உரித்தெடுத்த பிறகே எதையும் யோசிக்கலாம். நீர் புகுந்து உப்பிய பார்ட்டிகிள் போர்டையும் எம்.டி.எஃப் பலகையையும் எந்தப் பூச்சும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. என் சிங்க்கின் அடியிலிருந்த கதவின் கீழ்விளிம்பு அப்படித்தான் ஊறிப் பருத்திருந்தது. அதற்கு நேரத்தைச் செலவழிக்காமல், ஈரம் தாங்கும் பிளைவுட்டில் அதே அளவுக்குப் புதிய கதவு ஒன்றைச் செய்வித்து, மாட்டுவதற்கு முன்பே நான்கு விளிம்புகளுக்கும், குறிப்பாக யாரும் பார்க்காத கீழ்விளிம்புக்கும், பிரைமரும் இரண்டு கோட்டு வண்ணமும் கொடுத்தேன். எஞ்சிய பெயிண்டைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, நிறத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி, அந்தக் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறேன். கைப்பிடி ஓரத்தில் கீறல் விழுந்தால் அன்றைக்கே சிறு பிரஷ்ஷால் தொட்டு அடைத்துவிடுகிறேன்.